அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் வைக்க நன்கொடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் இல்லை. நாங்க பணம் போடுறோம், என்ன செய்யணும்?" முன்னாள் மாணவர் வாட்ஸப் குழுக்களில் ஜூன் மாதம் பிறந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். சிறிய அறக்கட்டளை நடத்துபவர்கள், நிறுவனங்களில் சிஎஸ்ஆர் (லாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிக்குச் செலவிடும் பொறுப்பு) பார்ப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று கேட்பவர்கள் பலவிதம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

வகுப்பறை, ஸ்மார்ட் போர்டு, கழிவறை என்று கட்டிக் கொடுத்தால் போதாதா? ஆசிரியருக்கு ஏன் பணம் தர வேண்டும்?

கட்டடம் தேவைப்படும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ஈராசிரியர் பள்ளியில் ஒரு நாள் காலை உட்கார்ந்து பாருங்கள். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. இரண்டு பேரில் ஒருவர் தலைமையாசிரியர். காலை உணவு சரியாக வந்ததா என்று பார்ப்பது, பள்ளி விவரங்களைப் பதியும் அரசு இணையதளமான எமிஸில் பதிவேற்றுவது, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று அழைத்தால் ஓடுவது எல்லாம் அவர் தலையில். அவர் கூட்டத்துக்குப் போன அன்று இன்னொரு ஆசிரியை ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார். ஒன்று முதல் மூன்று வரை உள்ளவர்களுக்கு எண்ணும் எழுத்தும் திட்டப்படி அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளாகப் பிரித்துத் தனித்தனியாகச் சொல்லித்தர வேண்டும். நான்காம் வகுப்புக்கு வகுத்தல், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம். சின்னவர்களுக்கு அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் பக்கம் திரும்புவதற்குள் ஒரு குழந்தை மூக்கில் ரத்தத்தோடு வந்து நிற்கும். அந்த அறையில் 75 அங்குலத் திரை மாட்டினால் யார் அதைப் போடுவது?

அந்தப் பள்ளிக்கு இன்னொரு மனிதர்தான் வேண்டும்.

ஆசிரியர் நியமனம் அரசின் கடமை. நாம் பணம் தந்தால் அரசு தப்பித்துக்கொள்ளாதா?

நியாயமான பயம். எனக்கும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. நாலு பேர் வேலை பார்க்கும் பள்ளியில் ஒரு இடம் காலியானாலே சட்டத்தை மீறியாகிவிட்டது. இதைச் செய்ய வேண்டியது அரசுதான், அதில் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் இந்த வருடம் பத்தாம் வகுப்பில் இருக்கும் பெண் அடுத்த நியமனம் வரை காத்திருக்க மாட்டாள். அவளுக்குக் கணக்கு ஆசிரியர் இப்போது வேண்டும். அதனால் நான் சொல்வது: பணம் கொடுங்கள், கூடவே விண்ணப்பமும் கொடுங்கள். நீங்கள் ஆள் வைத்த அதே வாரத்தில், அந்தக் காலியிடத்தை நிரப்பச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டுங்கள். நன்கொடையை மட்டும் செய்துவிட்டு இதை விட்டுவிட்டால், நீங்கள் பயந்ததுதான் நடக்கும். "அங்கேதான் ஆள் இருக்கிறாரே" என்று அந்தப் பள்ளி பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

தேர்வு வைக்கிறார்கள், கலந்தாய்வு நடத்துகிறார்கள். அப்புறம் ஏன் இடம் காலியாகவே இருக்கிறது?

இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்கும் பணி ஆணைக்கும் நடுவே வழக்குகள் வந்து வருடங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் பலர் ஓய்வு பெறுகிறார்கள். அடுத்தது, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற வட மாவட்டங்களில் முதல் பணி கிடைத்துச் சேரும் தென் மாவட்டத்துக்காரர்கள், மாறுதல் கலந்தாய்வில் வாய்ப்பு கிடைத்ததும் சொந்த ஊர்ப் பக்கம் போய்விடுகிறார்கள். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. வயதான பெற்றோர் ஒரு பக்கம், கணவனோ மனைவியோ இன்னொரு பக்கம் என்று எத்தனை நாள் இருப்பார்கள்? ஆனால் ஜவ்வாது மலைப் பள்ளியில் நாற்காலி மறுபடி காலி.

இன்னொன்று பேசப்படுவதே இல்லை: விடுப்பு. தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். மிக நல்ல முடிவு. ஆனால் அந்த ஒரு வருடத்துக்கு மாற்று ஆள் இல்லாவிட்டால் அந்தப் பாடம் ஒரு வருடம் நடக்காது. இடம் காலி என்று கணக்கிலும் வராது. சிறிய நன்கொடை பெரிய பலன் தருவது இங்கேதான் என்பது என் கருத்து. எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பது தெரியும். அரசின் நியமனத்தோடும் மோதாது.

நாங்களே ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பள்ளிக்கு அனுப்பலாமா?

கூடாது. அரசுப் பள்ளிக்குள் யார் பாடம் நடத்துவது என்பதை நன்கொடையாளர் முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழு அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாக, தலைமையாசிரியர் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அந்தக் குழுவே ஆளை வைத்து, வங்கிக் கணக்கு மூலம் சம்பளம் தருவதுதான் வழி. மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. 2024இல் குழுக்களை மறுசீரமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். உங்களில் ஒருவர் உள்ளூரில் இருந்தால் அதில் சேரட்டும்.

இதற்கு முன்மாதிரி அரசிடமே இருக்கிறது. 2022இல் 13,331 காலியிடங்களை மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு உத்தரவிட்டது. அப்போது எழுந்த முக்கியமான புகார், குழுவுக்கு வேண்டியவர்களுக்கே வேலை போகும் என்பது. விஷயம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், விதிமுறைகள் இறுக்கப்பட்டன. ஆகவே நீங்கள் செய்யும்போதும் பள்ளிச் சுவரில் அறிவிப்பு ஒட்டுங்கள், வந்த விண்ணப்பங்களைப் பதிவு செய்யுங்கள், பாடம் எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு, காவல்துறை சரிபார்ப்பு இரண்டும் முடிந்த பிறகே வகுப்பு. பிள்ளைகள் பாதுகாப்பில் "நம்ம ஊர்ப் பையன்தானே" என்ற பேச்சுக்கு இடமே கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு சம்பளம் தர வேண்டும்?

2022இல் அரசு அறிவித்த மதிப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். பிறகு இது 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது. பல ஊர்களில் பெற்றோர் ஆசிரியர் கழகம் தருவது இதைவிடக் குறைவு.

நீங்கள் உயர்த்தப்பட்ட தொகைக்குக் கீழே போகாதீர்கள். பி.எட். முடித்த பெண்ணுக்கு மாதம் ஆறாயிரம் கொடுத்தால், பேருந்துக் கட்டணம் போக மிஞ்சுவது என்ன? அவர் தனியார் பள்ளிக்கோ ஜவுளிக்கடைக்கோ போய்விடுவார். பட்டதாரி ஆசிரியர் ஒருவருக்கு மாதம் 15,000 என்றால் பத்து மாதத்துக்கு ஒன்றரை லட்சம். முப்பது பேர் கொண்ட முன்னாள் மாணவர் குழுவில் ஆளுக்கு மாதம் 500 ரூபாய். இது முடியாத காரியமில்லை. முடிந்தால் மே மாதத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள். பகுதிநேர ஆசிரியர்கள் பல வருடம் போராடிக் கேட்டதில் அதுவும் ஒன்று. 2012இல் 16,000க்கும் மேற்பட்டவர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு ஓவியம், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்கு எடுத்தார்கள். அவர்கள் வருடத்தில் பதினோரு மாதம் மட்டும் சம்பளம் வாங்கி எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒன்றாம் தேதி சம்பளம் போய்விட வேண்டும். சந்தா வரவில்லை, பொருளாளர் ஊரில் இல்லை என்ற காரணமெல்லாம் அந்த ஆசிரியருக்குத் தெரிய வேண்டியதில்லை.

எத்தனை வருடத்துக்குப் பணம் வைத்திருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கட்டடம் ஒரு தடவைச் செலவு. ஆசிரியர் ஒவ்வொரு மாதமும் செலவு. வெள்ளி விழாக் கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு மேடையில் அறிவித்த தொகை முதல் வருடம் சுளையாக வரும். இரண்டாம் வருடம் பாதி வரும். மூன்றாம் வருடம் பொருளாளர் ஒவ்வொருவராகப் போன் செய்துகொண்டிருப்பார். ஒன்பதாம் வகுப்பில் அந்த ஆசிரியரிடம் கணக்குப் பிடித்துப்போன பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பில் ஆள் இருக்க மாட்டார். ஆரம்பத்திலேயே இல்லாமல் இருந்ததைவிட அது மோசம்.

அதனால் ஆளை வைப்பதற்கு முன்பே இரண்டு முழுக் கல்வியாண்டுக்கான தொகை வங்கியில் இருக்கட்டும். கையில் மூன்று லட்சம் இருந்தால், இரண்டு ஆசிரியர்களை ஒரு வருடத்துக்கு வைப்பதைவிட ஒருவரை இரண்டு வருடம் வையுங்கள். மேடையில் சொல்ல முதல் கணக்குதான் கவர்ச்சியாக இருக்கும், அதில் மயங்க வேண்டாம். ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த கல்வியாண்டுக்குப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆசிரியரிடம் அப்போதே சொல்லுங்கள். வேறு வேலை தேட அவருக்கு ஐந்து மாதமாவது கிடைக்கும்.

இப்படித் தற்காலிக ஆசிரியர் வைத்தால் பிள்ளைகள் உண்மையிலேயே படிக்கிறார்களா? ஆதாரம் உண்டா?

உண்டு. ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த ஆய்வில், குலுக்கல் முறையில் எடுத்த 100 கிராமப் பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியர் தரப்பட்டார். இரண்டு வருட முடிவில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிடக் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னே இருந்தார்கள். ஒப்பந்த ஆசிரியர்கள் பள்ளிக்கு வராத நாள் 18 சதவீதம், நிரந்தர ஆசிரியர்களுக்கு 27 சதவீதம். நம் ஊர் அங்கன்வாடிகளிலும் பிறகு இதே போல ஒரு சோதனை நடந்தது. அரை நாள் மட்டும் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒருவரைச் சேர்த்ததும் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. பிள்ளைகளின் கற்றலும் கூடியது.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர் திட்டத்தைப் பெரிதாக்கிய விதத்தையும் ஆராய்ந்தார்கள். சில பள்ளிகளில் தொண்டு நிறுவனம் நடத்தியது, சிலவற்றில் கல்வி அமைச்சகமே நடத்தியது. தொண்டு நிறுவனம் நடத்திய இடங்களில் பிள்ளைகள் முன்னேறினார்கள். அமைச்சகம் நடத்திய இடங்களில் பலனே தெரியவில்லை. சம்பளம் தாமதமானது, மேற்பார்வை குறைவாக இருந்தது, ஆசிரியர் சங்கத்தின் எதிர்ப்பும் இருந்தது. ஆகவே பத்துப் பள்ளியில் நன்றாக நடந்தது ஆயிரம் பள்ளியிலும் நடக்கும் என்று யாராவது விளக்கப்படம் காட்டினால், சம்பளம் எந்தத் தேதியில் போகிறது, வகுப்பை யார் வந்து பார்க்கிறார்கள் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.

டீச் ஃபார் இந்தியா போன்ற அமைப்புகளுக்குத் தரலாமா?

தரலாம். நல்ல கல்லூரிகளில் படித்தவர்களை இரண்டு வருடம் முழுநேர ஆசிரியர்களாக ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு அனுப்புவது இவர்கள் முறை. 2009இல் மும்பையிலும் புனேயிலும் தொடங்கிப் பிறகு சென்னைக்கும் வந்தார்கள். மூலம் அமெரிக்காவின் டீச் ஃபார் அமெரிக்கா. வெண்டி காப் என்ற மாணவி 1989இல் பிரின்ஸ்டனில் எழுதிய பட்ட ஆய்வேட்டிலிருந்து பிறந்தது. முதல் விதைப்பணம் மொபில் எண்ணெய் நிறுவனம் தந்த 26,000 டாலர். அடுத்த வருடமே ஏறக்குறைய ஐந்நூறு பேரை வகுப்பறைக்கு அனுப்பினார்கள். 2010இல் திட்டத்தை விரிவாக்க அமெரிக்க அரசு 5 கோடி டாலர் கொடுத்தது.

பலன் எப்படி? அமெரிக்காவில் 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், உயர்நிலை வகுப்புகளில் டீச் ஃபார் அமெரிக்கா ஆசிரியர்களிடம் கணக்குப் படித்தவர்கள் மற்ற ஆசிரியர்களிடம் படித்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மாதப் பாடம் முன்னே இருந்தார்கள். தொடக்க வகுப்புகளில், விரிவாக்கத்துக்குப் பிறகு செய்த ஆய்வில், மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. குறை என்ன என்றால், இரண்டு வருடம் முடிந்ததும் பலர் போய்விடுவார்கள். நகரத்தில் அடுத்தவர் வந்துவிடுவார். கொல்லிமலைக்கு வருவாரா என்பதுதான் என் கேள்வி. கிராமத்துப் பள்ளிதான் உங்கள் கவலை என்றால், பக்கத்து ஊரில் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணைத் தேடுவதே நல்லது. அவர் அந்த ஊரில்தான் இருக்கப் போகிறார்.

மலைப் பள்ளி. பணம் இருக்கிறது, ஆள்தான் வரவில்லை. என்ன செய்வது?

சம்பளத்தைக் கூட்டுவதற்கு முன் வீட்டைப் பாருங்கள். மலைக்குக் காலையில் ஒரு பேருந்து, சாயங்காலம் ஒரு பேருந்து. அதற்கேற்ப ஆசிரியர் பத்தரைக்கு வந்து மூன்றரைக்குக் கிளம்புவார். கதவுக்குத் தாழ்ப்பாளும் குளியலறையும் உள்ள ஒரு வாடகை வீட்டை ஏற்பாடு செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும், குறிப்பாகப் பெண் ஆசிரியர்களுக்கு.

நூறு வருடத்துக்கு முன் அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற வணிகர் இதைப் புரிந்துகொண்டார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளியே இல்லாத கிராமங்களில், 1932 வரை அவருடைய நிதி 4,977 பள்ளிகள் எழ உதவியது. கூடவே 217 ஆசிரியர் வீடுகளும் கட்டப்பட்டன. அவருடைய நிதி தந்தது சுமார் 43 லட்சம் டாலர். அந்த ஊர்களின் கறுப்பின மக்கள், பருத்தி பறித்துப் பிழைத்தவர்கள், கோழி விற்றும் விருந்து நடத்தியும் சேர்த்தது 47 லட்சம் டாலர். மீதி, அதாவது பெரும் பகுதி, அரசு வரிப்பணம். ஊரும் அரசும் பங்கு போட்டால்தான் தருவேன் என்று அவர் போட்ட நிபந்தனையால்தான் அந்த அரசுப் பணம் அசைந்தது.

தகுதித் தேர்வு தேறியவராகத்தான் இருக்க வேண்டுமா?

ஒன்று முதல் எட்டு வரை நடத்துபவருக்கு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி கட்டாயம். பணியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும் என்றது. ஆகவே தேறியவருக்கே முன்னுரிமை கொடுங்கள். கிடைக்கவில்லை என்றால் வகுப்பாசிரியர் வேலையைத் தராமல், இல்லம் தேடிக் கல்வி பாணியில் மாலை வகுப்புக்கு வையுங்கள். டெட் தேர்வுக்குப் படிக்க அவருக்குக் கட்டணமும் புத்தகமும் வாங்கிக் கொடுப்பதுகூட நல்ல நன்கொடைதான்.

எங்கள் நிறுவனத்தின் சிஎஸ்ஆர் நிதியை இதற்குப் பயன்படுத்தலாமா?

கல்வி என்பது கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது, எனவே தடையில்லை. 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். நிறுவனமே நேரடியாகச் செய்யலாம், இல்லாவிட்டால் சிஎஸ்ஆர் பணிகளை ஏற்று நடத்த சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்த அமைப்பு வழியாகச் செய்யலாம். அரசே 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்தின் தளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்துத் தரும் வசதியும் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. தொடர் திட்டமாகப் பதிவு செய்தால், தொடங்கிய நிதியாண்டு போக மூன்று வருடம் வரை நடத்தலாம். பல நிறுவனங்கள் மார்ச் மாதம் செலவாகாமல் கிடக்கும் பணத்தை ஒரு வருடத் திட்டமாகத் தள்ளிவிடுகின்றன. ஆசிரியர் சம்பளத்துக்கு அது சரிப்படாது. இயக்குநர் குழுவில் தொடர் திட்டமாகவே தீர்மானம் வாங்குங்கள்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். பணம் அனுப்பலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. ஓசிஐ அட்டைக்காரர்களும் (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) வேறு நாட்டுக் குடிமக்களும் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புக்கு, டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில்தான் செலுத்த முடியும். அந்த அமைப்பு வேறு அமைப்புக்கு அதைக் கைமாற்றவும் முடியாது. நண்பர் கணக்கில் போட்டுவிடுகிறேன் என்று குறுக்கு வழி தேடாதீர்கள், மாட்டிக்கொள்வது இங்கே இருப்பவர்தான். ஒரு நல்ல செய்தி: நிர்வாகச் செலவுக்கான 20 சதவீத வரம்பில் பள்ளி ஆசிரியர் சம்பளம் சேராது.

வரிவிலக்கு?

வாங்கும் அமைப்புக்கு 80ஜி (நன்கொடையாளருக்கு வருமான வரிவிலக்கு தரும் பதிவு) இருந்தால் உண்டு. ரொக்கமாகத் தந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கு இல்லை.

பணம் தருகிறோம். வகுப்பைப் போய்ப் பார்க்கலாமா, படம் எடுக்கலாமா?

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வருடத்துக்கு ஓரிரு முறை போங்கள். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டாம். அந்த ஆசிரியரை "எங்கள் ஆசிரியர்" என்று மேடையில் அறிமுகம் செய்யவும் வேண்டாம். நிரந்தர ஆசிரியர்கள் நடுவே அவருக்கு ஏற்கெனவே சங்கடங்கள் இருக்கும். வருகைப் பதிவும் பருவத் தேர்வு மதிப்பெண்ணும் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கப்படும், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நடு வருடத்தில் அரசு நிரந்தர ஆசிரியரை அனுப்பிவிட்டால் நாங்கள் வைத்தவரை என்ன செய்வது?

இதற்கான பதில் அவர் சேரும் நாளில் தரும் கடிதத்திலேயே இருக்க வேண்டும். நிரந்தர ஆசிரியர் வந்தால் இரண்டு மாதச் சம்பளத்தோடு விடுவிக்கப்படுவார், அனுபவச் சான்று தரப்படும் என்று எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு மாதத் தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். முடிந்தால் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை அதே பள்ளியில், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அவரை வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். மீதிப் பணத்தைத் திருப்பி வாங்க வேண்டாம். அதே ஒன்றியத்தில் ஆள் இல்லாத அடுத்த பள்ளி எது என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்டால் அன்றைக்கே சொல்வார்.